டிரிப்ஸில் மீன் எண்ணெய் எதற்கு?

கேள்வி: குடல் அறுவைக்குப் பின் அப்பாவுக்குப் பால் போன்ற திரவம் ஏற்றுகிறார்கள். அதில் மீன் எண்ணெயாமே?

பதில்: ஆமாம். குடல் வேலைசெய்யும்வரை கலோரி தரும் கொழுப்பு அது. சோயா எண்ணெய் மட்டுமே என்றால் ஒமேகா-6 என்ற கொழுப்பு அமிலம் மிகுந்து அழற்சியைத் தூண்டலாம்; மீன் எண்ணெயின் ஒமேகா-3 அதைத் தணிக்க உதவும். வழக்கமாகக் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.1 முதல் 0.2 கிராம், 60 கிலோவுக்கு 6 முதல் 12 கிராம் மீன் எண்ணெய். (வாயால் விழுங்கும் மாத்திரை இதற்கு மாற்றல்ல.) மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு எகிறும். அது டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு) 400 மில்லிகிராமைத் தாண்டினால் மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார்.

பையின் மேற்பரப்பில் மஞ்சளாக எண்ணெய்த் துளிகள் திரண்டிருந்தால் கலவை பிரிந்துவிட்டது. உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். மீன், முட்டை, சோயா ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எண்ணெயை நீரில் கலக்கவைப்பதே முட்டை மஞ்சள்கருவில் இருந்து எடுக்கும் லெசித்தின் என்ற பொருள்தான்.