கவுன்சிலிங்குக்குப் போகாத மகனை மறுபடி உள்ளே வைப்பார்களா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. இரண்டு பெரிய பசங்களோடு பைக்கில் போய் செல்போன் பறித்ததாக வழக்கு. கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்திலிருந்து ஜாமீனில் வந்திருக்கிறான். வாரம் ஒருநாள் கவுன்சிலிங் வரச் சொன்னார்கள். இரண்டு வாரம் போனவன் இப்போது மூன்று வாரமாக மாட்டேன் என்கிறான். ராத்திரி தூங்குவதில்லை. மாத்திரை போடுகிறானோ என்று சந்தேகம். மறுபடி பிடித்துப் போய்விடுவார்களா?
– ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: அந்தப் பயத்தில் அவனை வீட்டிலேயே வைத்திருப்பதுதான் வழக்கைக் கெடுக்கும். ஜாமீன் நிபந்தனையை நிறைவேற்ற முடியாத சிறாரை, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவந்து நிபந்தனையை மாற்றித்தர, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 12(4) வழி வைத்திருக்கிறது. அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நீங்களே போங்கள்.

போகுமுன் ஏன் மாட்டேன் என்கிறான் என்று கேளுங்கள். பஸ் போகும் வழி அந்தப் பெரிய பசங்களின் ஏரியாவாக இருக்கலாம். அல்லது நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பீர்கள். அம்மா எதிரில் என்னத்தைப் பேசுவான்? முதலாவதற்கு நாளையும் இடத்தையும் மாற்றக் கேளுங்கள். இரண்டாவதற்கு நீங்கள் வெளியே இருந்தால் போதும். குழுமத்துக்குத் தரும் மனு ஒரு பக்கம் போதும்: வந்த தேதிகள், வராத தேதிகள், காரணம், என்ன மாற்றம் வேண்டும்.

தூக்கத்துக்குக் கவுன்சிலரல்ல, டாக்டர்தான் முதலில். ராயபுரம் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, ஓ.பி. சீட்டு நகலை மனுவோடு இணையுங்கள். மாத்திரை விஷயத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள். வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்கவும் வேண்டாம். சில தூக்க மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரும். நன்னடத்தை அலுவலரிடம் "எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை சார்" என்று சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலான தாய்மார்கள் சொல்வது அதைத்தான். பையனின் குடும்பம், பழக்கவழக்கம் பற்றி விசாரித்து அவர் தரும் சமூக விசாரணை அறிக்கையை வைத்துத்தான் பையனுக்கு என்ன உதவி தேவை என்று குழுமம் பார்க்கிறது. அதில் பழக்கம் இல்லையென்று ஏறிவிட்டால், பிறகு சிகிச்சை கேட்பது கஷ்டம்.

இனி எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 304, அதாவது பறிப்பு மட்டுமென்றால் அதிகபட்சம் 3 ஆண்டு. சட்டக் கணக்கில் சிறு குற்றம். முதலில் ஆஜர்படுத்திய நாளிலிருந்து 4 மாதத்தில், நீட்டித்தால் மேலும் 2 மாதத்தில் விசாரணை முடியாவிட்டால் வழக்கே முடிந்துபோகும். கத்தி காட்டியதாகச் சேர்த்து அதே சட்டத்தின் பிரிவு 311 போட்டிருந்தால் கதை வேறு. குறைந்தபட்சமே 7 ஆண்டு என்பதால் கொடுங்குற்றம். 16 வயது நிரம்பியவனுக்கு, குற்றம் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா என்று குழுமம், தேவைப்பட்டால் உளவியலாளர் உதவியோடு, முதற்கட்ட மதிப்பீடு செய்யும். பெரியவர்போல் விசாரிக்க வழக்கு சிறார் நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆகவே உளவியலாளர் கூப்பிட்டால், அது வழக்கமான கவுன்சிலிங்கா, அந்த மதிப்பீடா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவன் படத்தையோ பெயரையோ வாட்ஸ்அப்பில் பரப்புவது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74-இன்படி குற்றம். வழக்கு முடிந்தபின் நன்னடத்தைச் சான்றுக்காக போலீஸ் இந்த வழக்கு விவரத்தை வெளியிடவும் கூடாது.

எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இல்லையென்றால் இலவச சட்ட உதவி எண் 15100-இல் பேசுங்கள். வக்கீலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.