எஸ்ஏடி ‘கர்வ்’ நியாயமா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சிங்கப்பூர் ஈசூனில் கணக்குத் துணைப்பாடம் நடத்துகிறேன், சில வருடங்களாக அமெரிக்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி தேர்வுக்கும் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். முடிவு வந்த மறுநிமிடம் என் கைத்தொலைபேசியில் வருவது ஒரே கேள்விதான்: “அக்கா, இந்தத் தடவை கர்வ் மோசமா?” கூட எழுதியவர்களைப் பார்த்து மதிப்பெண்ணைக் கூட்டிக் குறைப்பார்கள் என்று நினைத்து அதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர்தான் கர்வ். அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (தொடக்கக்கல்லூரி மாணவி): ஆகஸ்ட்டில் கெட்டிக்காரர்கள் நிறைய எழுதுவார்களாம், கர்வ் கொன்றுவிடுமாம். மார்ச்சில் எழுதினால் தப்பிக்கலாமா?

பதில்: இதை யார்தான் கிளப்பிவிடுகிறார்களோ! பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் உன் மதிப்பெண் மாறாதும்மா. வகுப்பில் இத்தனை பேருக்குத்தான் ஏ என்று வைக்கும் ‘பெல் கர்வ்’ வேறு. எஸ்ஏடியில் நடப்பது சமன்செய்தல், அதாவது தாளுக்குத் தாள் இருக்கும் கடின வித்தியாசத்தைச் சரிக்கட்டுவது. தேக்கா மீன்கடையில் தட்டோடு மீனை நிறுத்து, தட்டின் எடையைக் கழிப்பார்கள் இல்லையா, அதுதான் இது. கடினமான தாள் ஒரு தட்டு, சுலபமான தாள் இன்னொரு தட்டு. தட்டின் எடை எப்படித் தெரியும் என்று கேட்பாய். தேர்வில் மொத்தம் 98 கேள்விகள், அதில் 8 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது, எது என்று உனக்குத் தெரியாது. அவை புதுக் கேள்விகளைப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்க்க வைத்தவை. அப்படி முன்பே சோதித்து, எவ்வளவு கடினம் என்று தெரிந்து வந்தவைதான் உன் தாளில் மதிப்பெண்ணுக்கு எண்ணப்படுகின்றன. ஆகவே பள்ளிப் பரீட்சை இல்லாத மாதமாகப் பார்த்து எழுது, போதும்.

கேள்வி (ஒரு அப்பா): தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ-யில் முன்பு இருந்த டி-ஸ்கோர் மாதிரிதானே இதுவும்?

பதில்: இல்லை அண்ணா. டி-ஸ்கோர் முழுக்க முழுக்க ஒப்பீடு. ஒவ்வொரு பாடத்திலும் சராசரியை 50 என்று வைத்து, அதிலிருந்து பிள்ளை எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்ப்பார்கள். என் மூத்தவள் அந்தக் காலத்து ஆள். கணக்குத்தாள் சுலபம் என்று சிரித்துக்கொண்டே வந்தாள், எனக்கு வயிறு கலங்கியது. எல்லாருக்கும் சுலபமாக இருந்தால் இவளுக்கு என்ன லாபம்? 2021-இல் அதை எடுத்துவிட்டு ஏஎல் முறை வந்தது, 90 அல்லது அதற்கு மேல் வாங்கினால் உச்ச நிலையான ஏஎல்1, மற்றவர்கள் என்ன வாங்கினாலும் சரி. எஸ்ஏடியில் 1400 என்ற எண் யாரோடும் ஒப்பிட்டு வருவதில்லை. பக்கத்தில் போடும் பெர்சென்டைல், அதாவது எத்தனை சதவீதம் பேரைவிட மேலே என்பது மட்டும்தான் ஒப்பீடு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி சண்டை.

கேள்வி (தேசிய சேவையில் இருக்கும் தம்பி): எஸ்ஏடி செயலியான புளூபுக்கின் பயிற்சித்தேர்வில் நானும் நண்பனும் கணக்கில் ஆளுக்கு 4 தப்பு. அவனுக்கு என்னைவிட 30 கூட. இது என்ன நியாயம்?

பதில்: போன மாதம் இதே புகாரோடு இரண்டு பேர் காப்பிக்கடைக்கே வந்துவிட்டார்கள், தே-ஓ ஆறிப்போகும் வரை இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு பிரிவும் மாட்யூல் என்று இரண்டு பாதியாக வரும். ஒருவன் விட்டதெல்லாம் இரண்டாம் மாட்யூலின் கடைசிக் கேள்விகள். இன்னொருவன் முதல் மாட்யூலில், ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் சதவீதக் கணக்கைக் கோட்டைவிட்டிருந்தான். வெளிநாடுகளில் 2023 மார்ச்சிலும் அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும் தேர்வு கணினிக்கு மாறியதிலிருந்து எத்தனை சரி என்பதோடு எந்தக் கேள்வி சரி என்பதும் கணக்கில் வருகிறது. முதல் மாட்யூல் எப்படிப் போனது என்பதைப் பொறுத்துத்தான் இரண்டாவது கடினமாகவோ சுலபமாகவோ வரும்.

முறை சரிதான். ஆனால் எனக்கும் ஒரு குறை உண்டு. காகிதத் தேர்வுக் காலத்தில் பயிற்சித்தாளோடு ஒரு அட்டவணை வரும், இத்தனை சரி என்றால் இவ்வளவு என்று நாமே விரல்விட்டு எண்ணலாம். இப்போது அது பூட்டிய பெட்டி. நியாயமாகவே நடந்தாலும் கண்ணில் காட்டாவிட்டால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

கேள்வி (ஒரு அம்மா): 2018-இல் பெரிய கலாட்டா ஆனதாமே?

பதில்: ஆமாம், அந்த ஜூன் தேர்வு. கணக்குத்தாள் வழக்கத்தைவிடச் சுலபம். முந்தைய தடவையைவிட அதிகம் சரியாகப் போட்ட பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைந்து வந்தது. இணையத்தில் கொதித்தார்கள், மறுமதிப்பீடு கேட்டார்கள், தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு மாற்றவில்லை.

சமன்செய்தது தப்பில்லை என்பேன், தாளைத் தயாரித்ததுதான் தப்பு. தாள் சுலபமாகிவிட்டால் உச்சியில் இருக்கும் பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்கக் கேள்வியே இல்லாமல் போகிறது, அப்போது அவர்களைப் பிரிப்பது திறமை இல்லை, அவசரத்தில் கூட்டலைக் கழித்தலாகப் படித்தது. ஒரு தப்புக்கு அவ்வளவு கனம் வந்துவிடுகிறது. நடுவில் இருப்பவர்களுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்லவேண்டும்.

கேள்வி: இந்தியாவில் பொறியியல் நுழைவுத்தேர்வான ஜேஇஇ மெயினில் செய்யும் நார்மலைசேஷனும் இதுதானே?

பதில்: இல்லை. அங்கே தேர்வு பல வேளைகளில் நடக்கும், அந்தந்த வேளையில், அதாவது ஷிப்டில், எழுதியவர்களுக்குள்ளே பெர்சென்டைல் போடுகிறார்கள், ஏழு தசம இடம் வரைக்கும்! உங்களோடு யார் எழுதினார்கள் என்பது அங்கே உண்மையிலேயே முக்கியம். கோபப்படுவதாக இருந்தால் அங்கே படலாம்.

கேள்வி (அதே தேசிய சேவைத் தம்பி): அப்போ எஸ்ஏடியில் அநியாயமே இல்லையா அக்கா?

பதில்: இருக்கு தம்பி, ஆனால் கர்வில் இல்லை. நிறைய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வெவ்வேறு தேதிகளில் எழுதியதில் ஒவ்வொரு பிரிவிலும் சிறந்ததை எடுத்துக் கூட்டிக்கொள்கின்றன, சூப்பர்ஸ்கோர் என்று பெயர். நான்கு தடவை பணம் கட்டக்கூடிய வீட்டுப்பிள்ளைக்கு நான்கு குலுக்கல் சீட்டு, ஒரு தடவைக்கே யோசிக்கும் வீட்டுப்பிள்ளைக்கு ஒன்று. அதிர்ஷ்டம் நல்லபடியாக அடித்த நாளை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம், மோசமான நாள் காணாமல் போய்விடும். உனக்கோ சனிக்கிழமை முகாமிலிருந்து வெளியே வரவே அனுமதி வாங்கவேண்டும். எந்தச் சமன்செய்தலும் இந்தத் தட்டைக் கழிப்பதில்லை. என்னிடம் மூன்றாவது தடவைக்குப் பணம் கட்ட வரும் பெற்றோரிடம் நானும் வாங்கிக்கொள்ளத்தான் செய்கிறேன், மறைக்கவில்லை.

கேள்வி: தொடக்கக்கல்லூரி முடிவில் ஏ-லெவல் எழுதுகிறேன், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் (என்யுஎஸ்)தான் ஆசை. எஸ்ஏடி வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஏ-லெவல் புள்ளியைப் பார்ப்பார்கள், 2026 சேர்க்கையிலிருந்து உச்சம் 70. அந்தப் பணத்துக்கு நல்ல சாப்பாடு சாப்பிடு.

கேள்வி: போன சனிக்கிழமை எனக்கு இரண்டாம் மாட்யூல் ரொம்பச் சுலபமாக வந்தது. நான் காலியா?

பதில்: நன்றாகப் படித்தவனுக்குக் கடினமான மாட்யூலும் சுலபமாகத்தான் தெரியும். முடிவு வரட்டும், அப்புறம் எனக்கு எழுது. அதுவரைக்கும் அடுத்த தேதிக்குப் பணம் கட்டிவிடாதே.