மூணாவது பாட்டிலும் வாங்கணுமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் செம்மண் நிலம், ஒரு ஏக்கர் மிளகாய். நட்டு முப்பது நாள் ஆகிறது. தழைச்சத்துக்கு அசோஸ்பைரில்லம், மணிச்சத்துக்கு பாஸ்போபாக்டீரியா என்று இரண்டு பாக்டீரியா உரமும் இரண்டு தடவை விட்டேன். ஈரம் நிற்க அடியில் தென்னை நார்க்கழிவும் போட்டிருக்கிறேன். அடி இலையெல்லாம் வெளுக்கிறது. பாக்டீரியா செத்துப் போயிருக்கும், இரட்டை அளவில் இன்னொரு தடவை விடுங்கள் என்கிறார் கடைக்காரர். விடலாமா?

பதில்: வேண்டாம். பாக்டீரியா சாகவில்லை, பசியில் கிடக்கிறது.

நார்க்கழிவை மட்க வைத்தா போட்டீர்கள்? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை, நான் பச்சையாகப் போட்டதாகத்தான் நினைக்கிறேன். பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, நூறு பங்குக்கு மேல் கார்பன் இருக்கும். பாக்டீரியாவின் உடம்பிலோ சுமார் எட்டுக்கு ஒன்று. அவ்வளவு கார்பனைத் தின்று உடம்பு வளர்க்க அதற்குத் தழைச்சத்து வேண்டும், அதை உங்கள் மிளகாயின் பங்கிலிருந்துதான் எடுக்கும். அடி இலை முதலில் வெளுப்பது அதனால்தான். நார்க்கழிவில் மரத்துக்குக் கெட்டி தருகிற லிக்னின் வேறு அதிகம், சீக்கிரம் மட்காது, இந்தப் பிடுங்கல் இன்னும் கொஞ்ச நாள் நீளும்.

பட்டினியைத் தாங்க மண்ணுயிர்களுக்குத் தெரியும். பாஸ்போபாக்டீரியாவாக விற்கிற பேசில்லஸ் கெட்டியான ஓட்டுக்குள் வித்தாகச் சுருண்டு வருடக்கணக்கில் கிடக்கும். அசோஸ்பைரில்லம் சாப்பாடு கிடைத்த நாளில் உடம்புக்குள் கொழுப்பு மாதிரி ஒன்றைச் சேர்த்து வைத்து, இல்லாத நாளில் அதைக் கரைத்து ஓட்டும். கோடை மழை விழுந்ததும் எழும் மண்வாசனைகூட இப்படி வித்துக் கட்டுகிற ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் உண்டாக்கியதுதான். ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில் இருக்கின்றன, பெரும்பாலானவை உறங்கிக்கொண்டு. வேர் கசிய விடும் சர்க்கரையை ஒட்டித்தான் சுறுசுறுப்பு, அரை அங்குலம் தள்ளிப் போனால் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் இன்னும் ஒரு பாட்டிலை ஊற்றினால், ஏற்கெனவே அங்கே பழகிக் கிடக்கிற கூட்டத்தோடு போட்டி போட முடியாமல் புதுசு பெரும்பாலும் அழிந்து போகும். வெயில் படுகிற அலமாரியில் பாட்டிலை வைத்து விற்பவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார், அவருக்குப் பாட்டில் போனால் போதும். வெல்லக் கரைசலை ஊற்றச் சொல்கிறவர்களிடமும் இதையேதான் சொல்கிறேன், ஒரு நாள் கறிவிருந்து போட்டுவிட்டு ஒரு வாரம் பட்டினி போடுவதால் யாரும் பிழைப்பதில்லை.

பாக்டீரியாவை வாங்குவதற்கு முன் அதற்குச் சோறு வாங்குங்கள். நன்கு மட்கிய தொழு உரம், இல்லையென்றால் பயிருக்கு முன்னால் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது. நார்க்கழிவுதான் வேண்டுமென்றால் யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு மட்க வைத்த பிறகே வயலுக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் 200 கிராம் பாக்கெட் நான்கு ஒரு ஏக்கருக்குத் தாராளம், அதையும் தொழு உரத்தில் கலந்து போடுங்கள்.

இப்போதைக்கு, முப்பதாம் நாள் மேலுரமாக ஏக்கருக்கு 26 கிலோ யூரியாவை வேப்பம் புண்ணாக்கு கலந்து வைத்துத் தண்ணீர் விடுங்கள். பத்து நாளில் புதுத் தளிர் பச்சை பிடிக்கிறதா என்று பாருங்கள். மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் என்று, மண்ணில் மட்கு எவ்வளவு என்பதைக் காட்டும் ஒரு எண் இருக்கும், அதையும் எழுதி அனுப்புங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடுத்த பயிருக்கு முன் தக்கைப்பூண்டைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள்.