பிரஜாவுரிமை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வெள்ளவத்தை வாசகி: டொரொன்டோவில் பிறந்த என் பேரனை இலங்கைப் பிரஜையாகப் பதியலாமா?

பேரனின் வயதையும் எழுதவில்லை, பெற்றோர் எந்த நாட்டுப் பிரஜைகள் என்றும் எழுதவில்லை. நான் சோதிடன் அல்லன், அம்மா. பிள்ளை பிறந்த நாளில் தாயோ தந்தையோ இலங்கைப் பிரஜையாக இருந்திருந்தால் பதியலாம். பிறந்து ஓராண்டுக்குள் பதிய வேண்டும். பிந்தினால் தகுந்த காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

தெஹிவளை வாசகர்: தம்பி அவுஸ்திரேலியப் பிரஜையாகிவிட்டான். பழைய இலங்கைக் கடவுச்சீட்டில் வந்துபோகலாமா?

கூடாது. முன்கூட்டியே அனுமதி பெறாமல் அங்கே பிரஜையானார் என்றால் இங்குள்ள பிரஜாவுரிமை அன்றே போய்விட்டது. இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அது கிடைத்து, வாக்காளர் இடாப்பிலும் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். பாராளுமன்ற ஆசை வேண்டாம். 2022இல் வந்த அரசியலமைப்பின் 21ஆம் திருத்தம் அந்தக் கதவை மறுபடி மூடிவிட்டது. மூலப்பிரதி எதையும் முகவரிடம் கொடுக்காதீர்கள்.

பம்பலப்பிட்டி வாசகி: லண்டனில் மகள் எழுதவுள்ள பிரஜாவுரிமைப் பரீட்சை கடினமா?

24 கேள்விகள், 45 நிமிடங்கள், 18 சரியாக இருந்தால் போதும். அரசின் கைநூலைப் படிக்கட்டும்.

கொட்டாஞ்சேனை வாசகர்: தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த மலையகத்தவரும் குடியேறியவர்கள்தாமே? அப்படியொரு பரீட்சை வைத்துப் பிரஜாவுரிமை கொடுத்திருக்கலாமே?

இந்தக் கேள்வி ஆண்டு தவறாமல் வருகிறது. கேட்பவர்கள் ஒரு பக்கமாவது படித்துவிட்டுக் கேட்கலாம். 1947 தேர்தலில் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம், இங்கே பிறந்தது மட்டும் போதாது, தந்தையும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. தோட்டத்து லயன் அறையில் பிறந்தவரின் தந்தைக்கு எந்தப் பதிவேட்டைத் தேடுவது? அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. 1964இல் நம் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரைப் பங்கிட்டார்கள்: ஐந்தேகால் இலட்சம் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பங்கிடப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. எஞ்சியவர்களுக்குச் சட்டம் வழிவிட்டது 2003இல்.

இன்றும் பிரஜாவுரிமைச் சான்றிதழை நான்காக மடித்து, கிழிந்த மடிப்பில் ஒட்டுநாடா ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். அதில் தாத்தா முத்துசாமி; பேரனின் பிறப்புச் சான்றிதழில் முத்துச்சாமி. அந்த ஒரு 'ச்'சுக்குச் சத்தியக்கடதாசி, கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் என்று மூன்று நாள் வேலை கெடுகிறது. பரீட்சை வைக்கத்தான் வேண்டுமென்றால் கொழும்பில் உள்ள நமக்கு வைக்கலாம். முதல் கேள்வி: 1949இல் யாருடைய வாக்கு பறிபோனது?

மட்டக்குளி வாசகர்: என் மனைவி இந்தியர். இரு நாட்டுப் பிரஜாவுரிமையும் வைத்திருக்கலாமா?

முடியாது. இந்தியா அதை ஏற்பதில்லை; இலங்கைப் பிரஜையானால் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். பத்தரமுல்லையிலுள்ள குடிவரவுத் திணைக்களத்துக்குப் போகும்போது திருமணச் சான்றிதழின் மூலப்பிரதியை நீங்களே கொண்டுபோங்கள். முகவரிடம் வேண்டாம்.