ரத்தம் நிறுத்தும் ஊசியை ஜிப்மர் போய்ப் போட்டால் போதாதா?

கடலூரில் விபத்து, நோயாளியைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரனெக்சாமிக் அமில ஊசியை எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூரிலேயே போட்டுவிட வேண்டும்.

பெரிய காயத்தில் உடல் ரத்தக்கட்டியை உருவாக்கும் வேகத்திலேயே அதைக் கரைக்கவும் தொடங்கிவிடுகிறது. இந்த மருந்து அந்தக் கரைப்பைத் தடுக்கிறது. காயமடைந்தவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்து 2010-ல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வில் 20,000-க்கும் அதிகமான நோயாளிகள் இருந்தார்கள், இந்தியர்களும் உண்டு. காயம்பட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போடப்பட்டவர்களுக்கே பலன் அதிகம். 3 மணி நேரம் கடந்து போடப்பட்டவர்களில் ரத்தப்போக்கால் இறப்பது கூடியது. அதாவது தாமதம் வீண் மட்டுமல்ல, ஆபத்து.

பெரியவர்களுக்கு 1 கிராம், அதாவது 500 மி.கி. ஆம்பூல் இரண்டு. 100 மி.லி. நார்மல் சலைனில் (உப்புநீர்க் கரைசல்) கலந்து 10 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு நேராகத் தள்ளினால் ரத்த அழுத்தம் விழும். அடுத்த 1 கிராம் 8 மணி நேரத்துக்கு மெதுவாக ஓடும்.

சொதப்புவது பெரும்பாலும் நோயாளியோடு அடுத்த மருத்துவமனைக்கு அனுப்பும் ரெஃபரல் சீட்டில்தான். மருந்தின் பெயர் இருக்கும், மணி இருக்காது. விபத்து நடந்த மணியும் முதல் டோஸ் போட்ட மணியும் இல்லையென்றால், அடுத்த மருத்துவர் ஊகித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கூடவே பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றுவதும் கெடுதல். ரத்தம் நீர்த்து, உறையும் திறன் குறையும். வெளியே தெரியும் ரத்தப்போக்கை அழுத்திப் பிடிக்கும் கைக்கு இந்த ஊசி மாற்றில்லை. வயிற்றுக்குள் கசிந்தால் அறுவை சிகிச்சைதான், ஊசி அதுவரை தாங்க உதவும்.