நாயையும் அழைத்துக்கொண்டு கணவன் மனைவி பிரிட்டனைச் சுற்றிப் பார்க்க முடியுமா? நாய் விடுதியில் விட்டுவிட்டுப் போவதுதான் நல்லதா?

முடியும். நானும் என் கணவரும் போய் வந்திருக்கிறோம். இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒருவர், "நாயை விடுதியில் விட்டுவிட்டு நிம்மதியாகப் போய் வாருங்கள், நாய்க்கு ஸ்டோன்ஹெஞ்சும் ஒன்றுதான், தெருமுனை விளக்குக் கம்பமும் ஒன்றுதான்" என்று பதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நீங்கள் பிரிட்டனிலேயே வசிப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து இரண்டு வார விடுமுறைக்கு நாயையும் விமானம் ஏற்றும் உத்தேசம் என்றால் இப்போதே கைவிட்டுவிடுங்கள். இந்தியாவிலிருந்து வரும் நாய்க்கு மைக்ரோசிப், வெறிநோய்த் தடுப்பூசி, ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதக் காத்திருப்பு, இங்கே வந்து சேர்வதற்கு ஒன்று முதல் ஐந்து நாளுக்குள் நாடாப்புழு மருந்து என்று வரிசையாக இருக்கிறது. எல்லாம் முடிந்தாலும் உங்கள் மடியில் உட்கார்ந்து வர முடியாது. சரக்காகத்தான் வந்து இறங்க வேண்டும்.

எங்கள் வள்ளி பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்டு. இரண்டு காதுகளின் உட்புறத்திலும் பச்சை குத்திய எழுத்துகள் இருக்கும். அயர்லாந்துப் பந்தய நாய்களுக்கு அப்படித்தான் அடையாளம் இடுவார்கள். எங்களிடம் வரும்வரை அவள் (அவள் என்றுதான் எழுதுவேன்) கொட்டடியிலேயே வளர்ந்தவள். மாடிப்படி ஏறத் தெரியாது. வந்த புதிதில் முன்னங்கால் இரண்டையும் முதல் படியில் வைத்துவிட்டு, பின்னங்கால்களை என்ன செய்வது என்று புரியாமல் நின்று நடுங்குவாள். என் கணவர் பின்னால் குனிந்து ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துப் பழக்கினார். அப்படிப்பட்டவளை நாங்கள் ஊர் சுற்றுவதற்காக மறுபடியும் கம்பிக் கதவுக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. நாய் விடுதி நடத்துபவர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் விடுதி நன்றாகவே இருக்கும். அவளுக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான்.

நாயோடு போனோம் என்று சொன்னாலே நம்மவர்கள், "பாவம், பிள்ளை இல்லாத குறை" என்று தொடங்கிவிடுவார்கள். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். இருவரும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். எங்களோடு வருகிறீர்களா என்று கேட்டால் அவர்கள் ஃபோனைப் பார்ப்பார்கள். வள்ளி வாசலுக்குப் போய் நிற்பாள். பணக்கொழுப்பு என்று சொல்லப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இங்கே ரயிலில் ஒரு பயணி இரண்டு நாய்கள் வரை கட்டணமில்லாமல் அழைத்துப் போகலாம். தங்குமிடங்களில் நாய்க்கென்று கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள். நாங்கள் விசாரித்த நாய் விடுதி கேட்ட தொகை அதைவிட அதிகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாயோடு போனால் பிரிட்டனில் எதை இழப்பீர்கள் என்பதை யாரும் நேராகச் சொல்வதில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து உள்ளே போகும் இடங்களைத்தான் இழப்பீர்கள். ரெடிங்கிலிருந்து காரில் கிளம்பி முதலில் பாத் நகரத்துக்குப் போனோம். அங்கே ரோமானியக் குளியல் கூடத்துக்குள் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் நாய்களைத் தவிர வேறு நாய்களுக்கு அனுமதி இல்லை. முதலில் என் கணவர் போனார். நானும் வள்ளியும் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். திரும்பி வந்தவர், "தண்ணீர் பச்சையாக இருக்கிறது" என்றார். அத்தனை பவுண்டு டிக்கெட்டுக்கு அந்த ஒரு வரிதான். பிறகு நான் போனேன். 46 டிகிரியில் ஊற்றெடுக்கும் வெந்நீர், மேலே ஆவி. எனக்குப் பிடித்தது அதுவல்ல. ரோமானியர் காலத்தில், குளிக்கும்போது துணியைத் திருடியவனைச் சபித்து, ஈயத் தகட்டில் எழுதி, அம்மனிடம் முறையிட்டு ஊற்றில் போட்டிருக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட தகடுகள் கிடைத்திருக்கின்றன. எழுதியவர்களின் வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை என்று தோன்றியது. பக்கத்தில் காட்டிச் சிரிக்கத்தான் ஆள் இல்லை.

ஸ்டோன்ஹெஞ்சிலும் இதே சட்டம்தான். ஆனால் அதற்காக வருத்தப்படாதீர்கள். வடக்கே கொஞ்ச தூரத்தில் ஏவ்பரி இருக்கிறது. உலகத்திலேயே மிகப் பெரிய கல்வட்டம் அங்கேதான். வட்டத்துக்குள்ளேயே ஒரு கிராமமும் அதற்கொரு பப்பும் இருக்கின்றன. ஸ்டோன்ஹெஞ்சில் நாயில்லாமல் போனாலும் பாதையில் நின்று தூரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். ஏவ்பரியில் கல்லைத் தொடலாம், சாய்ந்து உட்காரலாம், வார் பிடித்த நாயோடு நாள் முழுக்க நடக்கலாம். ஒரே சங்கடம், கற்களுக்கு நடுவே செம்மறி ஆடுகள் மேயும். ஆடுகளைக் கண்டதும் வள்ளியின் காது இரண்டும் நிமிர்ந்தன, உடம்பு விறைத்தது, வாரின் மறுமுனையில் என் கணவரின் மணிக்கட்டுவரை அது தெரிந்தது. வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஆடுகளுக்கு முதுகு காட்டி நடந்தார். பிரிட்டனில் ஆட்டைத் துரத்தும் நாயை விவசாயி சுட்டால்கூடச் சட்டம் அவர் பக்கம் நிற்கலாம். இங்கிலாந்தின் திறந்தவெளிப் புல்வெளிகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை வார் 2 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. ஆடு மாடுகளுக்கு அருகில் என்றால் வருடம் முழுவதும் அப்படித்தான். "என் நாய் சாது" என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது.

வேல்ஸில் பெத்கெலர்ட் என்ற மலைக் கிராமத்துக்கு நாய்க்காகவே போனோம். ஆற்றோரத்தில் மரத்தடியில் கெலர்ட் என்ற வேட்டை நாயின் சமாதி இருக்கிறது. இளவரசன் லிவெலின் வேட்டையிலிருந்து திரும்புகிறான், தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, குழந்தையைக் காணவில்லை, நாயின் வாயில் இரத்தம். வாளை உருவிக் கொன்றுவிடுகிறான். பிறகுதான் குழந்தையின் அழுகை கேட்கிறது. பக்கத்தில் ஓநாய் செத்துக் கிடக்கிறது. படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்குக் கீரிப்பிள்ளை நினைவுக்கு வந்திருக்கும். அதே கதைதான். நம்மிடம் சிலப்பதிகாரத்திலேயே, அடைக்கலக் காதையில், கீரியைக் கொன்ற பார்ப்பனிக்குக் கோவலன் உதவியதை மாடலன் என்ற மறையவன் சொல்கிறான். அந்தச் சமாதியோ, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளூர் ஓட்டல்காரர் டேவிட் பிரிட்சர்ட் கூட்டம் சேர்ப்பதற்காக ஏற்படுத்தியது என்கிறார்கள். இருக்கட்டும். சமாதியைச் சுற்றி நின்றவர்களில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள், நானும்தான்.

அடுத்து ஏரி மாவட்டம். விண்டர்மியர் ஏரிப் படகில் நாயை ஏற்றிக்கொள்வார்கள், பிரச்சினையே இல்லை. பிரச்சினை வேறு. இதற்கும் நாய்க்கும் சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு தனியார் கார் நிறுத்துமிடம். காசு போடும் இயந்திரத்தைப் பிடுங்கி எடுத்துவிட்டு, ஃபோன் செயலி வழியாகத்தான் பணம் கட்ட வேண்டும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். மலைக்கு நடுவே ஃபோனில் சிக்னல் ஒரு கோடுகூடக் காட்டவில்லை. என் கணவர் ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் நான்கு மூலைக்கும் நடந்தார். கடைசியில் காரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். வீடு திரும்பினால் கடிதம் காத்திருக்கிறது: 100 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 60. நுழைவாயில் கேமராவில் நாங்கள் உள்ளே போனதும் வந்ததும் பதிவாகியிருக்கிறதாம். கட்ட வழி இல்லாத இடத்தில் கட்டவில்லை என்று அபராதம்! மேல்முறையீடு எழுதினேன், கோடில்லாத ஃபோன் திரையின் படத்தையும் இணைத்தேன். அதன்பிறகு ரத்து செய்தார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. ஈயத் தகடு எங்கே விற்கும் என்று அன்று தேடியிருப்பேன்.

இந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமான இடம் கார்ஸ்டேல் ரயில் நிலையம். யாரும் சுற்றுலாப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். செட்டில் என்ற ஊரில் காரை விட்டுவிட்டுக் கார்லைல் போகும் ரயிலில் ஏறினோம். வள்ளிக்கு உட்காரத் தெரியாது. பல கிரேஹவுண்டுகளுக்குப் பின்னங்கால் அமைப்பால் உட்காருவது சிரமம். நின்றபடியே எதிர் இருக்கைப் பாட்டியின் முழங்காலில் மொத்தப் பாரத்தையும் சாய்த்துவிட்டாள். பாட்டி நகரவே இல்லை. 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பாமல் வள்ளியின் காதையே தடவிக்கொண்டிருந்தார்.

இந்தப் பாதையை மூடிவிட 1980களில் முயன்றார்கள். எதிர்த்துக் கையெழுத்திட்ட 32,000 பேரோடு ஒரு நாயின் பாதத் தடமும் பதிவானது. அந்த நாய்தான் ரஸ்ஸப், பாதையைக் காக்கப் போராடியவர்களில் ஒருவரான கிரஹாம் நட்டல் வளர்த்த பார்டர் காலி இன நாய். 1989இல் பாதை பிழைத்தது. 1990 ஜனவரியில் நட்டல் ரஸ்ஸப்போடு வேல்ஸ் மலைகளுக்கு நடக்கப் போனவர் திரும்பவில்லை. ஏப்ரல் 7 அன்று ஓர் ஓடைக்கரையில் அவருடைய உடலைக் கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் ரஸ்ஸப் உயிரோடு இருந்தது. 14 வயது நாய், 11 வாரக் குளிர்காலம். எஜமானரின் இறுதிச் சடங்குவரை இருந்துவிட்டு, அதன்பின் அதுவும் போய்விட்டது. 2009இல் கார்ஸ்டேல் நடைமேடையில் அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

என் நாத்தனார் ஒருமுறை, "நாய்க்கு நன்றி என்பதெல்லாம் சோறு போடுகிறவரைக்கும்தான்" என்று சொன்னார். பதினோரு வாரம் அந்த மலையில் யார் சோறு போட்டார்கள்? ஊருக்குத் திரும்பியதும் சிலையின் படத்தை இந்தக் கேள்வியோடு அவருக்கு அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. வள்ளி அந்தச் சிலையை ஒரு முறை முகர்ந்துவிட்டு என் சாப்பாட்டுப் பையில் மூக்கை நுழைத்தாள் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர், பாம்பரோ கடற்கரை இரண்டும் நாய்க்கென்றே அமைந்தவை. நேரில் போய்ப் பாருங்கள். தெற்கே பல கடற்கரைகளில் கோடை மாதங்களில் நாய்க்குத் தடை உண்டு, நுழைவாயில் பலகையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். லண்டன் சுரங்க ரயிலில் நகரும் படிக்கட்டு என்றால் நாயைத் தூக்கிக்கொள்ள வேண்டும். பெரிய நாய் வைத்திருப்பவர்கள் லிஃப்ட் உள்ள நிலையத்தைப் பார்த்துப் போவது இடுப்புக்கு நல்லது. காரில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெளியே 22 டிகிரிதான் என்றாலும் ஒரு மணி நேரத்துக்குள் காருக்குள் 47 டிகிரியை எட்டிவிடக்கூடும். சாப்பாட்டுக்குப் பப்புதான் கதி. கேட்காமலேயே நாய்க்குக் கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு பிஸ்கட்டும் வந்துவிடும். சைவக்காரரான என் கணவருக்கு உருளைக்கிழங்கு வறுவல் வருவதற்குள் அரை மணி நேரம் ஆகும்.

எடின்பரோ கோட்டைக்குள் உதவி நாய்களைத் தவிர மற்றவற்றுக்கு அனுமதி இல்லை. முறை வைத்துப் போய்ப் பார்க்க இருவருக்குமே மனமில்லை. வெளியே நின்று பார்த்துவிட்டு, எஜமானரின் கல்லறையை விட்டு நகராமல் இருந்ததாகச் சொல்லப்படும் கிரேஃபிரையர்ஸ் பாபி என்ற நாய்க்கு 1873இல் வைத்த சிலைக்குப் போனோம். அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சுற்றுலாப் பயணிகள் தேய்த்துத் தேய்த்து அதன் மூக்கு மட்டும் பளபளக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு அது பிடிக்காது, நீங்கள் தேய்க்காதீர்கள். "அவ்வளவு தூரம் போய்க் கோட்டையைப் பார்க்காமல் வந்தீர்களா?" என்று கேட்டதும் அதே நாத்தனார்தான். லண்டனில் பல வருடங்களாக இருக்கிறார், ஈஸ்ட் ஹாமைத் தாண்டி வடக்கே போனதில்லை.

உங்கள் நாய் எந்த இனம் என்று கேள்வியில் எழுதவில்லை. எழுதுங்கள். எக்ஸ்எல் புல்லி என்ற பெரிய உருவ நாய் என்றால் 2024 பிப்ரவரியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்கவே முடியாது, வெளியே வாய்க்கூடும் வாரும் கட்டாயம். அப்போது மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. எந்த நாயானாலும் வெளியே போகும்போது கழுத்துப்பட்டையில் உங்கள் பெயரும் முகவரியும் பொறித்த தகடு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை இன்றே செய்யக் கொடுத்துவிடுங்கள், செருப்புத் தைக்கும் கடைகளிலேயே பொறித்துத் தருவார்கள்.