பீரங்கியில் உள்ள 49-2-16 தேதி அல்ல

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் நீங்கள் படம் எடுத்த பழைய பீரங்கியில் இருக்கும் ‘49-2-16’ நீங்கள் நினைத்தது போல 1749 பிப்ரவரி 16 என்ற தேதி இல்லை, பீரங்கியின் எடை. முதல் எண் ஹண்ட்ரட்வெயிட். யாழ்ப்பாணத்தில் அந்தர் என்பார்களே, அதேதான், 112 ராத்தல் (பவுண்டு). நடுவில் இருப்பது கால் அந்தர் கணக்கு, ஒவ்வொன்றும் 28 ராத்தல். கடைசி எண் மிச்ச ராத்தல். கூட்டினால் 5,560 ராத்தல், சுமார் 2,520 கிலோ.

1749 பிப்ரவரி என்று நினைத்தது தப்பில்லை, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஏமாந்தேன். ஆனால் கிரீடத்துக்குக் கீழே ஜிஆர் (GR, ‘ஜார்ஜ் அரசர்’ என்பதன் லத்தீன் சுருக்கம்) எழுத்துகளோடு 3 தெரிகிறதே, அது மூன்றாம் ஜார்ஜின் முத்திரை. அவர் ஆண்டது 1760 முதல் 1820 வரை. 1849 என்றாலும் பொருந்தாது.

அப்புறம், மறுபடி போனால் குழாய் வாயின் விட்டத்தை அளந்து பாருங்கள். 5.8 அங்குலம் வந்தால் 24 ராத்தல் குண்டு போடும் ரகம். துருவை மட்டும் சுரண்டிவிடாதீர்கள்.